இளைத்த குதிரைக்கு எள்ளு

ஹைதராபாத் சார்மினாருக்குத் தெற்கே, இரண்டு ஆட்டோக்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்கியே தீர வேண்டிய சந்து ஒன்றில் இருக்கிறது அந்த லாயம். தகரக் கூரை, ஷாபாத் கல் பாவிய தரை, சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட ஜரிகைச் சேணம். உள்ளே ஒரு வெள்ளைப் பெட்டைக் குதிரை. பராத் ஊர்வலங்களில் மாப்பிள்ளைகளைச் சுமந்தே 22 வயதை எட்டிவிட்டது. அதன் விலா எலும்புகளை வாசலில் நின்றபடியே எண்ணிவிடலாம்.

நான் எண்ணியது வேறொன்றை. முன்னங்காலைத் தூக்கி டக்கென்று கல்லில் அடித்தது. சற்றுப் பொறுத்து இன்னொரு டக். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கணக்கெடுத்தேன். ஒரு நிமிடத்தில் 19 அடி.

"தீனி பத்தலையா, சாச்சா?" என்று கேட்டேன்.

"தவிட்டை ரெண்டு பங்கா ஆக்கிட்டேன், பேட்டா. தின்னுது. உடம்புலதான் ஒட்ட மாட்டேங்குது" என்றார் குதிரைக்காரப் பெரியவர், தக்கனி உருதுவில்.

வயதான குதிரை இளைத்தால் கை தானாகத் தவிட்டு மூட்டைக்குத்தான் போகும். அது அன்பினால் வரும் தவறு. இளைப்புக்கான காரணத்தைக் காலிலிருந்தும் வாயிலிருந்தும் தேட வேண்டும் என்பதே என் கட்சி. காலிலிருந்து தொடங்குவோம்.

குனிந்து பார்த்தால் முழங்காலுக்குக் கீழே நாலைந்து ஈக்கள், தலையை மேலே வைத்து வரிசையாக உட்கார்ந்திருக்கும். நிறமும் அளவும் வீட்டு ஈயைப் போலவேதான். வித்தியாசம் வாயில் இருக்கிறது. வீட்டு ஈயின் வாய் கீழே தொங்கும் பஞ்சு. ஈரத்தை ஒற்றி எடுக்க மட்டுமே உதவும். இந்த ஈயின் வாய் முகத்துக்கு முன்னால் நீட்டிய ஊசி. இதை லாய ஈ என்று சொல்லலாம். அறிவியல் பெயர் ஸ்டோமாக்சிஸ் கால்சிட்ரன்ஸ். 'கால்சிட்ரன்ஸ்' என்றால் லத்தீனில் 'உதைக்கிற' என்று பொருள். 1758-இல் இதற்குப் பெயர் வைத்த லின்னேயஸ், கடிபட்ட பிராணி செய்வதையே கடித்த ஈக்குப் பெயராக்கிவிட்டார். கொசுவில் பெண் மட்டும்தான் ரத்தம் குடிக்கும். லாய ஈயில் ஆணும் குடிக்கும், பெண்ணும் குடிக்கும்.

ஏன் காலையே தேடி வருகிறது? குதிரையின் தோளிலிருந்து விலாப்புறம் வரை தோலுக்கு அடியில் மெல்லிய தசை ஒன்று விரிந்திருக்கிறது. ஈ உட்கார்ந்ததும் அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்க்க வைத்து உதறிவிடும். பின்பக்கத்துக்கு வால் காவல். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பொறியாளர்கள் 2018-இல் வாலசைவை அளந்து பார்த்தார்கள். ஒரு பெரிய பிராணியின் வால், வினாடிக்கு ஒரு மீட்டர் அளவுக்குக் காற்றைக் கிளப்பி, நெருங்கி வரும் கொசுக்களில் ஏறக்குறைய பாதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. ஆனால் அந்தத் தோல் தசை முழங்காலுக்குக் கீழே இறங்குவதில்லை. முன்னங்காலுக்கு வாலும் எட்டாது. ஆக, குதிரையின் உடம்பில் காவல் இல்லாத இடம் அதுதான். அங்கே அதற்கு மிச்சமிருக்கும் ஒரே வழி, காலைத் தூக்கி அடிப்பது.

அடித்துக்கொண்டிருக்கும் குதிரை மெல்லுவதில்லை. இதைத்தான் நாம் கவனிக்கத் தவறுகிறோம். பராத் குதிரைக்கு வேலை இரவில். பேண்டு வாத்தியம், வெடி, ஜெனரேட்டர் வெளிச்சம் எல்லாம் முடிந்து வீடு திரும்ப நள்ளிரவைத் தாண்டும். தின்று தூங்கி உடம்பைத் தேற்றிக்கொள்ள அதற்குப் பகல் மட்டுமே இருக்கிறது. லாய ஈயோ பகலில் கடிக்கிற ஜாதி. இரவை மனிதன் எடுத்துக்கொள்கிறான், பகலை ஈ எடுத்துக்கொள்கிறது. மாட்டுப் பண்ணைகளில் இந்த ஈ பெருகினால் எடையேற்றமும் பாலும் குறைவதைப் பல நாட்டு ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. தேய்ந்த மூட்டுகளோடு கல்தரையில் நிற்கும் 22 வயதுக் குதிரைக்கு அந்த அடி ஒவ்வொன்றும் தனி வேதனை.

ஈயால் இளைப்பதற்கு இன்னும் மோசமான வழியும் உண்டு. இன்றைய பாகிஸ்தானில் உள்ள தேரா இஸ்மாயில் கான் பகுதியில் 1880-இல் ராணுவக் குதிரைகளும் ஒட்டகங்களும் காய்ச்சல் கண்டு, நன்றாகத் தின்றபடியே எலும்பும் தோலுமாகிச் செத்துக்கொண்டிருந்தன. நாட்டார் அந்த நோயைச் சர்ரா என்றார்கள். விசாரிக்கப் போனவர் கிரிஃபித் எவன்ஸ் என்ற வேல்ஸ் நாட்டுக் கால்நடை மருத்துவர். நோயுற்ற குதிரையின் ரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்தபோது, சிவப்பணுக்களுக்கு நடுவே மெல்லிய புழு போன்ற உயிர்கள் நெளிந்து துள்ளுவதைக் கண்டார். நோய்க்குக் காரணம் அவைதான் என்றார். மேலிடத்தார் ஏற்கவில்லை. ரத்தத்தில் இருக்கும் அத்தகைய உயிர்கள் தீங்கற்றவை என்பதே அன்றைய பெரிய தலைகளின் முடிவு. காலம் எவன்ஸின் பக்கம் நின்றது. பாலூட்டிகளுக்கு நோய் தரும் டிரிப்பனசோமா வகைக் கிருமி என்று முதலில் அறியப்பட்டது அதுதான். இன்று அதன் பெயர் டிரிப்பனசோமா எவன்சி. எவன்ஸ் நூறு வயது வாழ்ந்து 1935-இல் காலமானார்.

சர்ராவைப் பரப்புவது ஈ என்று 1901-இல் லியோனார்ட் ராஜர்ஸ் என்ற மருத்துவர் சோதனையில் காட்டினார். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1897 ஆகஸ்ட் 20 அன்று, இதே ஹைதராபாத்தின் இரட்டை நகரமான செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டிருந்தார். பேகம்பேட்டையில் அவர் அதைக் கண்ட கட்டடம் இன்றும் நிற்கிறது. இரண்டு நோய்களுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. மலேரியாக் கிருமி கொசுவுக்குள் வளர்ந்து உருமாற வேண்டும். அதற்கு நாட்கள் ஆகும். சர்ராவுக்கு அந்தக் காத்திருப்பே இல்லை. குதிரை ஈ என்னும் பெரிய ஈயின் வாய் கத்தரிபோல் தோலை வெட்டும். வலி தாங்காமல் குதிரை உதறும். பாதி குடித்த ஈ, வாயில் ஈர ரத்தத்தோடு பக்கத்துக் குதிரைக்குத் தாவும். அவ்வளவுதான், கிருமி வீடு மாறிவிட்டது. குதிரை ஈயும் லாய ஈயும் பறக்கும் சிறகுள்ள அழுக்கு ஊசிகள்.

எனவே விட்டுவிட்டு வரும் காய்ச்சல், வெளிறிய ஈறு, வயிற்றின் அடியிலும் காலிலும் நீர்வீக்கம், பின்னங்கால் தள்ளாட்டம், இவற்றோடு ஒரு குதிரை இளைத்தால் தீனியைப் பற்றி யோசிக்க வேண்டாம். அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். சர்ராவுக்கு மருந்து இருக்கிறது. தவிடு அதற்கு மருந்தல்ல.

வெள்ளைக் குதிரை இதில் கொஞ்சம் அதிர்ஷ்டசாலி. குதிரை ஈக்கள் தண்ணீரைத் தேடும்போது, நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் முனைவுற்ற ஒளியைப் பின்தொடர்கின்றன. கறுத்த, பளபளப்பான ரோமமும் அத்தகைய ஒளியையே வீசுகிறது. வெள்ளை ரோமம் வீசுவதில்லை. ஹங்கேரியின் காபோர் ஹோர்வாத் குழுவினர் இதை 2010-இல் களச் சோதனைகளோடு வெளியிட்டார்கள். 2019-இல் டிம் கேரோ குழுவினர் இங்கிலாந்தில் குதிரைகளுக்குக் கறுப்பு, வெள்ளை, வரிக்குதிரைக் கோடு என்று மூன்று விதப் போர்வைகள் போர்த்திப் பார்த்தார்கள். கோடு போட்ட போர்வையில் இறங்கிய குதிரை ஈக்கள் மிகக் குறைவு. நெருங்கி வந்தவை வேகத்தைக் குறைத்து இறங்கத் தெரியாமல் மோதியும் விலகியும் போயின. மூடாத தலையில் மட்டும் எல்லாக் குதிரைகளுக்கும் ஒரே கதைதான். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வெள்ளைக் குதிரையைத் தேர்ந்தவர்கள் ஈயை நினைத்துத் தேர்ந்திருக்க மாட்டார்கள். ஆனால் அதன் நெற்றியில் கட்டும் மணிக்குஞ்சம் அப்படியல்ல. தலையை ஆட்டும்போதெல்லாம் அது கண்ணோர ஈயை விரட்டும். ஊர்வலம் முடிந்ததும் அதைக் கழற்றி மாட்டிவிடாமல், பகலிலும் ஒரு சாதாரண நூல் குஞ்சமாவது நெற்றியில் கிடக்கட்டும். கண்ணீரைக் குடிக்க வரும் வீட்டு ஈ, ஆறாத கோடைப் புண்ணை உண்டாக்கும் புழுவின் குஞ்சைக் கண்ணோரத்தில் விட்டுப் போகக்கூடியது.

ஈயை ஒழிக்க எல்லோரும் கேட்பது தெளிப்பு மருந்து. நான் முதலில் காட்டுவது துடைப்பம். 500 கிலோ குதிரை ஒரு நாளில் லத்தியும் மூத்திரமுமாக 20 கிலோவுக்கு மேல் வெளியேற்றும். ஹைதராபாத் வெயிலில் வீட்டு ஈயின் முட்டை ஒரே நாளில் பொரிந்து, ஏழிலிருந்து பத்து நாளில் சிறகு முளைத்துவிடும். அதற்குள் லத்தி இடம் மாறிவிட்டால் அந்தத் தலைமுறையே இல்லை. தினமும் அள்ளுவது நல்லது. வாரம் இருமுறைக்குக் குறைந்தால் அள்ளியும் பயனில்லை. லாய ஈக்கு லத்தியைவிடப் பிடித்தது மூத்திரத்தில் ஊறி நாறும் வைக்கோலும், தொட்டிக்கு அடியில் சிந்தி அழுகும் தீனியும். பளிச்சென்று கூட்டிய லாயத்திலும் ஈ குறையவில்லையா? தொட்டியை நகர்த்திப் பாருங்கள். அள்ளிய லத்தியைக் குவித்துத் தார்ப்பாயால் இறுக மூடினால் உள்ளே சூடு 55 டிகிரியைத் தாண்டும். அதில் புழு பிழைக்காது. மூடாத குவியலின் ஓரங்கள்தான் ஈ வளரும் நாற்றங்கால்.

அடுத்தது மின்விசிறி. ஈக்கள் காற்றை எதிர்த்துப் பறப்பதில் பலவீனமானவை. காலளவு உயரத்தில் காற்று வீசும்படி ஒரு விசிறி வைத்தால், ஹைதராபாத் ஏப்ரல் வெக்கைக்கும் அது ஆறுதல். வெல்லத் தண்ணீர்ப் பொறியில் வீட்டு ஈ விழும். ரத்தத்துக்காக வரும் லாய ஈ அதைத் திரும்பியும் பார்க்காது. வேப்பிலைப் புகை போடும் பழக்கம் நம் ஊரிலும் உண்டு, அங்கும் உண்டு. வயதான குதிரைகள் பலவற்றுக்கு ஆஸ்துமா போன்ற மூச்சுத் தொல்லை இருக்கும். மூடிய லாயத்தில் புகை வேண்டாம். பெர்மெத்ரின் வகைத் தெளிப்பு மருந்தைக் கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் காலில் பூசலாம். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். மாட்டு உண்ணிக்குத் தெளிக்கும் அமிட்ராஸ் மருந்து குதிரையின் குடலை முடக்கிவிடும். ஈக்கும் கேட்கும் என்று யார் கொடுத்தாலும் குதிரை மேல் அதைத் தெளிக்காதீர்கள்.

இனி வாய்க்கு வருவோம். கொள்ளு என்றால் வாயைத் திறக்குமாம், கடிவாளம் என்றால் மூடிக்கொள்ளுமாம் என்று குதிரையைப் பற்றி ஒரு பழமொழி உண்டு. கொள்ளுக்கும் வாயை மூடிக்கொள்ளும் குதிரை ஒன்றைப் பார்த்தால், பல்லைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். அந்தப் பெட்டையின் தொட்டிக்குக் கீழே விரல் நீளத்தில் ஈரமான புல் உருண்டைகள் கிடந்தன. சவைத்து, விழுங்க முடியாமல் துப்பியவை. பெரியவர் அவற்றைத் தினமும் பெருக்கித் தள்ளிக்கொண்டிருந்தார்.

குதிரையின் கடைவாய்ப் பல் நம் பல்லைப் போல் முளைத்து நிற்பதில்லை. தாடைக்குள் நீளமாகப் புதைந்திருந்து, ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் மேலே வருகிறது. மேலே வருகிற அளவுக்குப் புல்லில் உள்ள மணல்சத்து அதை அரைத்துத் தேய்த்துவிடுகிறது. சேமிப்பில் இருந்து எடுத்துச் செலவழிப்பது போலத்தான். இருபதைத் தாண்டினால் கணக்கு வற்றத் தொடங்கும். தேய்மானம் சீராக இல்லாத இடங்களில் ஓரங்கள் கத்திபோல் நீண்டு கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். ஒரு கிலோ காய்ந்த புல்லைத் தின்ன நல்ல பல்லுள்ள குதிரைக்கே 40 நிமிடமும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட சவைப்பும் தேவை. மெல்லும்போது மட்டுமே அதற்கு உமிழ்நீர் ஊறும்; இரைப்பையிலோ அமிலம் ஓயாமல் சுரந்துகொண்டிருக்கும். ஆகவே மெல்ல முடியாத குதிரைக்குப் பசியோடு வயிற்றெரிச்சலும் சேர்ந்துகொள்கிறது.

தவிடு இரண்டு பங்கானதும் இங்கேதான் வினையாகிறது. கோதுமைத் தவிட்டில் சுண்ணாம்புச் சத்தைப் போல ஏறக்குறையப் பத்து மடங்கு பாஸ்பரஸ் இருக்கிறது. குதிரைக்கு வேண்டியதோ பாஸ்பரஸைவிடச் சுண்ணாம்புச் சத்து சற்றுத் தூக்கலாக. குறையை ஈடுகட்ட உடம்பு எலும்பைக் கரைக்கும். முகத்தெலும்பு நார்ப்பிடித்து வீங்கும், பல் ஆடும். மாவு மில்காரர்களின் குதிரைகளுக்கு அடிக்கடி வந்ததால் ஐரோப்பியர்கள் இதை மில்காரர் நோய் என்றே அழைத்தார்கள். பல் போன குதிரைக்கு மென்மையான தீனி என்று நினைத்து நாம் கொடுப்பது, மிச்சமிருக்கும் பல்லையும் ஆட்டிவிடுகிறது. நேப்பியர் போன்ற புல்லில் உள்ள ஆக்சலேட்டும் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போடும். தெலங்கானாவில் மலிவாகக் கிடைக்கும் இளம் பச்சைச் சோளத் தட்டையும் குதிரைக்கு ஆகாது. அது விஷமாகிச் சிறுநீர்ப்பையையும் நரம்பையும் தாக்கும்.

நமக்கு ஒரு நல்ல விடை பெயரிலேயே இருக்கிறது. அல்ஃபால்ஃபா என்று உலகம் சொல்லும் தீவனத்துக்குத் தமிழில் குதிரை மசால் என்று பெயர். புரதமும் சுண்ணாம்புச் சத்தும் நிறைந்தது. தவிட்டின் குறையைச் சரிக்கட்டுவது. காய்ந்த குதிரை மசாலைப் பொடியாக நறுக்கி, கூழ் பதத்துக்கு ஊறவைத்தால் பல்லில்லாத குதிரையும் வழித்துத் தின்னும். ஊறிய தீனி வெயிலில் சில மணி நேரத்தில் புளித்துவிடும், ஈயையும் கூட்டும். தின்று முடித்த கையோடு தொட்டியைக் கழுவ வேண்டும். வேலையில்லாத நாட்களில் தீனியின் பெரும்பங்கை இரவில் வைப்பது என் யோசனை. ஈ ஓய்ந்த நேரத்தில் குதிரை நிம்மதியாகத் தின்னட்டும்.

எடையை எப்படி ஏற்றுவது? ஹைதராபாத்திலிருந்து 140 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பீதர், பதினைந்தாம் நூற்றாண்டில் பாமினி சுல்தான்களின் தலைநகர். அங்கே குதிரை விற்க வந்த ருஷ்ய வியாபாரி அஃபனாசி நிகிதின், இந்த நாட்டில் குதிரைக்குக் கடலையும், சர்க்கரையும் எண்ணெயும் சேர்த்து வேகவைத்த கிச்சடியும் கொடுக்கிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். அதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் முன்பு பாண்டிய நாட்டுக் காயலுக்கு வந்த மார்கோ போலோ, கடல் கடந்து ஆயிரக்கணக்கில் இறக்கப்பட்ட குதிரைகள் இங்கே பராமரிப்புத் தெரியாமல் மாண்டதையும், அவற்றுக்குச் சோறும் இறைச்சியும் சமைத்துப் போட்டதையும் வியந்து சொல்கிறார். இறைச்சிச் சோறு குதிரைக்கானதல்ல. பீதர் கிச்சடியில் மட்டும் ஒரு பொருள் இன்றைய அறிவியலுக்கும் சம்மதமானது. அது எண்ணெய்.

குதிரைக்குப் பித்தப்பை கிடையாது. ஆனாலும் பித்தநீர் இடையறாது கசிவதால் கொழுப்பை அது நன்றாகவே செரிக்கும். மாவுச்சத்து அப்படியல்ல. ஒரே வேளையில் தானியத்தைக் கொட்டினால், சிறுகுடலில் செரிக்காத மாவு பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும். வயிற்று வலியும், குளம்பு அழற்சியும் அதன் விளைவு. 330 கிலோ குதிரை சும்மா நிற்கவே நாளுக்கு ஏறத்தாழ 11,000 கிலோகலோரி வேண்டும். 300 மில்லி எண்ணெயில் சுமார் 2,500 கிலோகலோரி இருக்கிறது. மெல்ல வேண்டியதில்லை, புளிக்கும் பயமில்லை, ரத்தத்தில் சர்க்கரை ஏற்றமும் இல்லை. 50 மில்லியில் தொடங்கி, இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாக ஏற்றி, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு மில்லியைத் தாண்டாமல், இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம். காறல் இல்லாத எந்தச் சமையல் எண்ணெயும் சரி. கூடவே வைட்டமின் ஈ வேண்டும். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று நம்மவர்கள் மனிதனுக்குச் சொன்னது குதிரைக்கும் பொருந்திப்போகிறது.

கொள்ளையும் தள்ளிவிட வேண்டாம். தெலுங்கில் உலவலு எனப்படும் அது, நூற்றுக்கு 22 பங்கு புரதம் உள்ளது. வயதான குதிரையின் முதுகில் கரைந்துபோகும் தசைக்கு அந்தப் புரதம் தேவை. ஆனால் வேகவைத்து மசித்து, வேளைக்கு அரைக் கிலோவுக்கு மேற்படாமல். கோழித் தீவனம் சத்தானது என்று கலந்துவிடாதீர்கள். கோழிகளின் ரத்தக் கழிச்சலைத் தடுக்க அதில் சேர்க்கும் மோனென்சின், குதிரையின் இதயத்தசையைச் சிதைத்துக் கொல்லும்.

வெல்லம் பற்றியும் ஒரு சொல். 15 வயதுக்கு மேற்பட்ட குதிரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்குப் பிட்யூட்டரிச் சுரப்பிக் கோளாறு வருகிறது. வெயில் காலத்திலும் உதிராத நீண்ட ரோமம், தொங்கும் வயிறு, கரைந்த முதுகு ஆகியவை அதன் அடையாளங்கள். அந்தக் குதிரைக்குப் பாசத்தோடு ஊட்டும் வெல்லக்கட்டி, குளம்பு அழற்சியைக் கொண்டுவந்து அதை நிற்கவிடாமல் செய்துவிடும்.

முன்னேற்றத்தைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள், தினம் பார்க்கும் கண் ஏமாறும். தையற்காரர் நாடா போதும். மார்புச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் எடுத்து அதையே அதனால் பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரை உள்ள நீளத்தாலும் பெருக்கி, 11,877-ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். 165 சுற்றளவும் 145 நீளமும் உள்ள குதிரை 332 கிலோ. கூடவே விலாவைத் தடவிப் பாருங்கள். டெக்சாஸின் டான் ஹென்னெக் 1983-இல் வகுத்த ஒன்பது புள்ளி அளவுகோலில், விலா கண்ணுக்குத் தெரியாமல் கைக்கு மட்டும் தட்டுப்படுவது ஐந்தாம் புள்ளி. அதுதான் இலக்கு. அதற்கு மேல் ஏற்றினால் தேய்ந்த மூட்டுகளுக்குத்தான் பாரம்.

தெலுங்கு நாட்டில் ஆஷாட மாதத்தில் கல்யாணம் கிடையாது. மழை பிடித்து, ஈ பெருகி, பராத் குதிரைக்கு வேலையும் வருமானமும் இல்லாத மாதம் அது. தீனிச் செலவைக் குறைக்கத் தோன்றுவதும் அப்போதுதான். குதிரை வைத்திருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: அந்த மாதம் பிறப்பதற்கு முன்பே கால்நடை மருத்துவரை அழைத்துக் குதிரையின் வாயைத் திறந்து காட்டுங்கள், ஒரு துளி ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள், தொட்டியை நகர்த்தி அடியில் கழுவுங்கள். குதிரை வாடகைக்கு எடுக்கப்போகும் கல்யாண வீட்டாரே, ஜரிகைச் சேணத்தைச் சற்று விலக்கி விலாவையும் பாருங்கள்.